ஓவியர்கள் வாழும் சின்னத் துறைமுகத்தில் இரண்டு இரவு: இருவர் மட்டும் உள்ள படகை எங்கே கட்டுவது, வாங்கும் ஓவியத்தை எப்படிக் கொண்டுபோவது?

உப்புக்காற்று எழுதியது:

வணக்கம். இன்னும் மூன்று நாளில் நானும் கணவரும் ஒரு வாரக் கடல் பயணம் கிளம்புகிறோம். வழியில் ஓவியர்களும் குயவர்களும் நிறையப் பேர் குடியிருக்கும் ஒரு சின்னத் துறைமுக ஊரில் இரண்டு இரவு தங்க எண்ணம். அதற்குப் பிறகு ஐந்து நாள் கடலில் இருப்போம்.

படகு: 10 மீட்டர் பாய்மரம், நீருக்குள் 1.7 மீட்டர் ஆழம் இறங்கும், ஒற்றைச் சுக்கான், கீல் (படகின் அடியில் நீருக்குள் இறங்கும் பகுதி) ஒல்லியானது. டீசல் இன்ஜின், வலமாகச் சுற்றும் ப்ரொப்பெல்லர், பௌ த்ரஸ்டர் (முன்பக்கத்தைப் பக்கவாட்டில் தள்ளும் மோட்டார்) இல்லை.

துறைமுகம்: உள்ளே வெளியூர்ப் படகுகளுக்கு ஒரு மிதவை மேடை, வரைபடத்தில் அங்கே ஆழம் 1.2 மீட்டர். பக்கத்தில் ஐந்தாறு கட்டுமிதவைகள், அங்கே 2.5 மீட்டர். பழைய கல் துறை வற்றத்தில் முழுக்கக் காய்ந்துவிடும். துறைமுக வாய் தென்மேற்கைப் பார்க்கிறது. வாய்க்கு வெளியே நங்கூரம் போடும் இடம், வரைபட ஆழம் 3 மீட்டர்.

போய்ச் சேரும் நாளில் ஏற்றம் மதியம் 2 மணிக்கு 5.2 மீட்டர், வற்றம் இரவு 8.10க்கு 0.4 மீட்டர். முதல் நாள் வடகிழக்குக் காற்று 10 முதல் 12 நாட். இரண்டாம் நாள் இரவு தென்மேற்காகத் திரும்பி 22 முதல் 25 நாட் என்கிறது முன்னறிவிப்பு.

கேட்க வேண்டியவை: மேடையா, மிதவையா, நங்கூரமா? இருவர் மட்டும் இருக்கும்போது மேடையில் எப்படிக் கட்டுவது (சுக்கான் என் கையில் இருக்கும்)? ஒரு எண்ணெய் ஓவியமும் சில மண்பாண்டங்களும் வாங்க ஆசை, ஐந்து நாள் படகில் சேதமில்லாமல் வருமா?


வடக்கயிறு எழுதியது:

வணக்கம் சகோதரி. முதலில் தண்ணீர்க் கணக்கு, அப்புறம்தான் கயிறு.

ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவே 4.8 மீட்டர். அமாவாசை அல்லது பௌர்ணமியை ஒட்டிய பெருநீர் அது. பன்னிரண்டு பங்கு விதிப்படி ஒரு பங்கு 0.4 மீட்டர். ஆறு மணி நேரத்தில் தண்ணீர் 1, 2, 3, 3, 2, 1 பங்காக இறங்கும். நான்காம் மணி முடியும்போது உயரம் 1.6, ஐந்தாம் மணி முடிவில் 0.8, கடைசியில் 0.4. வரைபட ஆழத்தோடு அந்த நேரத்து நீர் உயரத்தைக் கூட்ட வேண்டும். மேடையருகே வரைபட ஆழம் 1.2 என்பதால், வற்றத்தில் மொத்தத் தண்ணீர் 1.6 மீட்டர். உங்கள் படகுக்கு வேண்டியது 1.7. அதாவது 8.10ஐ ஒட்டி சுமார் ஒரு மணி நேரம் கீல் தரையில் 10 சென்டிமீட்டர் ஊன்றி நிற்கும். கீலுக்கு அடியில் அரை மீட்டர் இடைவெளி வேண்டுமென்றால் தண்ணீர் உயரம் 1.0 இருக்க வேண்டும். ஏறக்குறைய 6.45 முதல் 9.30 வரை அது கிடைக்காது.

காற்றழுத்தமும் இதில் சேரும். அட்டவணை சராசரி அழுத்தத்துக்குப் போடுவது. 1013க்கு மேல் ஒவ்வொரு ஹெக்டாபாஸ்கலுக்கும் தண்ணீர் சுமார் ஒரு சென்டிமீட்டர் குறையும். 1030 இருந்தால் 17 சென்டிமீட்டர் போய்விடும்.

அதனால் துறைமுக அலுவலகத்தைக் கூப்பிடும்போது கட்டாயம் கேளுங்கள்: மேடையடியில் சேறா, சரளையா, பாறையா? மெத்துச் சேறு என்றால் ஒல்லிக் கீல் 10 சென்டிமீட்டர் அமுங்கி ஒரு மணி நேரத்தில் எழும், அமைதியான நீரில் ஒரு சேதமும் வராது. கெட்டித் தரை என்றால் அந்த மேடை உங்களுக்கு இல்லை. முழு நீளம் (முனையில் துருத்தும் நங்கூரம், பின்னால் தொங்கும் டிங்கி என்ற சின்னப் படகு எல்லாம் சேர்த்து), அகலம், நீருக்குள் ஆழம், எத்தனை இரவு, எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுங்கள். 10 மீட்டர் என்று சொல்லி 11.2 மீட்டர் வந்து நின்றால், அவர்கள் ஒதுக்கிய இடத்தில் அடுத்த படகின் மூக்கு உங்கள் பின்பக்கத்தில் இடிக்கும்.

கல் துறை பக்கம் மட்டும் போகாதீர்கள். பெருநீருக்குப் பின் ஒவ்வொரு நாளும் ஏற்றத்தின் உயரம் குறையும். 2.5 மீட்டர் உயரத்தில் காயும் இடத்தில் இன்று 5.2 ஏற்றத்தில் 2.7 மீட்டர் தண்ணீர் இருக்கும், சுலபமாக நுழைந்துவிடலாம். ஏற்றம் குறைந்து 4.0 ஆகும்போது அங்கே 1.5தான். அடுத்த பெருநீர் வரும்வரை இரண்டு வாரம் அங்கேயே உட்கார வேண்டியதுதான்.

மதியம் 1க்கும் 2க்கும் நடுவில் போய்ச் சேருங்கள். நேற்றுத் தங்கியவர்கள் மதியத்துக்குள் கிளம்பியிருப்பார்கள், இன்று வருபவர்கள் மூன்று மணிக்கு மேல் குவிவார்கள், தண்ணீரும் நிறைந்திருக்கும்.

கட்டும் முறை: இருவருக்கு ஒரே கயிறுதான் உயிர். நடுக் கிளீட்டிலிருந்து (கிளீட் என்பது கயிறு கட்டும் கொம்பு) பின்னோக்கிப் போகும் ஸ்பிரிங் கயிறு, அதாவது படகு முன்னே ஓடாமல் பிடிக்கும் கயிறு. மற்றவை எல்லாம் அதற்குப் பிறகு.

வெளியே இருக்கும்போதே தயார் செய்யுங்கள். இடப்பக்கம் மேடை வரும்படி இடம் கேளுங்கள். வலமாகச் சுற்றும் ப்ரொப்பெல்லர் ரிவர்ஸில் அமரத்தை, அதாவது பின்பக்கத்தை, இடப்பக்கம் இழுக்கும். வேகத்தைக் குறைக்க ரிவர்ஸ் போடும் நேரத்தில் அதுவே படகை மேடையோடு ஒட்டும். ஃபெண்டர்களை (மோதலைத் தாங்கும் காற்றடைத்த மெத்தைகள்) மேடையின் உயரத்துக்கு இறக்குங்கள். மிதவை மேடை தாழ்வாக இருக்கும், ஃபெண்டர் தண்ணீரைத் தொடும் அளவு இறங்க வேண்டும். ஒன்று கூடுதலாகக் கையில் இருக்கட்டும். முன் கயிறு, பின் கயிறு, நடுக் கயிறு மூன்றையும் கைப்பிடிக் கம்பிக்கு வெளியே சுற்றிக் கொண்டுவந்து வையுங்கள். கம்பிக்கு உள்ளே மாட்டிய கயிறுதான் அதிகம் காணும் தவறு. இழுபடும்போது கம்பியின் தூண் வளைந்துவிடும்.

காற்று எதிரே வரும்படி, 20 முதல் 30 பாகைக் கோணத்தில், படகு சுக்கானுக்குக் கட்டுப்படும் குறைந்தபட்ச வேகத்தில் வாருங்கள். கணவர் நடுப்பகுதியில், பாய்மரக் கம்பிகளைப் பிடித்தபடி வெளிப்பக்கம் நிற்கட்டும். அவர் இறங்க வேண்டும், குதிக்கக் கூடாது. ஒரு எட்டில் இறங்க முடியாத தூரம் என்றால் சுற்றிவந்து மறுபடி முயலுங்கள். இறங்கியதும் படகின் நடுப்பகுதிக்குப் பின்னால் இருக்கும் மேடைக் கிளீட்டில் நடுக் கயிற்றை ஒரு சுற்றுப் போட்டுப் பிடிக்கட்டும். நீங்கள் சுக்கானை மேடைக்கு எதிர்ப்பக்கம், அதாவது வலப்பக்கம், முழுக்கத் திருப்பி, கியரை முன்னோக்கிப் போட்டு இன்ஜினை ஐடிலில் விடுங்கள். கயிறு முறுகும், படகு தானாகவே மேடையோடு அணைந்து நின்றுவிடும். கியரை எடுக்காதீர்கள். அப்படியே ஓடட்டும். அதற்குள் அவர் முன் கயிறு, பின் கயிறு இரண்டையும் நிதானமாகக் கட்டி முடிக்கலாம்.

பிசகும் இடங்கள் இரண்டு. பதற்றத்தில் முன் கயிற்றை முதலில் கட்டிவிடுவார்கள். அணியம், அதாவது முன்பக்கம், மேடையில் மாட்டிக்கொள்ளும், அமரம் வெளியே சுழன்று அடுத்த படகில் போய் மோதும். அடுத்தது, நடுக் கயிறு நீளமாகிவிடுவது. படகு முன்னோக்கி ஓடி மேடையின் குறுக்கு வளைவில் முட்டும். படகு நீளத்தில் பாதிக்கு மேல் அந்தக் கயிறு வெளியே போக வேண்டாம். எது நடந்தாலும் கையாலும் காலாலும் படகைத் தள்ளாதீர்கள். பல டன் எடை, கால் எலும்பு தாங்காது. அதற்குத்தான் கையில் அந்தக் கூடுதல் ஃபெண்டர்.

சுக்கான் உங்கள் கையில் என்பது சரியான முடிவு. சுக்கானுக்குப் பலம் தேவையில்லை, கண் தேவை.


நடுக்கடல் எழுதியது:

வடக்கயிறு சொன்ன கணக்கில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அது முதல் இரவுக்கான பதில். இந்தப் பயணத்தின் சிக்கல் இரண்டாம் இரவில் இருக்கிறது.

துறைமுக வாய் தென்மேற்கு. இரண்டாம் இரவுக் காற்றும் தென்மேற்கு. 12 நாட் 24 ஆனால் காற்றின் அழுத்தம் இரண்டு மடங்கு இல்லை, நான்கு மடங்கு. வாய் வழியாக அலை நேராக உள்ளே வந்து, கல் சுவரில் மோதித் திரும்பி, மேடையில் கட்டிய படகை முன்னும் பின்னும் இழுத்து ஆட்டும். கிளீட் பிடுங்குவது, ஃபெண்டர் பிதுங்கி மேலே வருவது எல்லாம் இப்படித்தான் நடக்கும். இரண்டாம் நாள் வற்றம் இரவு 9 மணியை ஒட்டி வரும். அப்போது கீல் தரையில் ஊன்றும் நேரத்தில் அரை மீட்டர் அலை இருந்தால் அது ஊன்றுவது இல்லை, குத்துவது. சேறானாலும் சுக்கானுக்கும் கீல் போல்ட்டுக்கும் நல்லதல்ல. வெளியே நங்கூர இடமோ அந்தக் காற்றில் கரையோரச் சிறை: நங்கூரம் இழுபட்டால் பின்னால் கரைதான்.

என் யோசனை: முதல் இரவு மேடையில் நில்லுங்கள். அன்று பிற்பகலும் மறுநாள் காலையும் ஊருக்கு. சின்னக் காட்சியறைகளை நடத்துவது பெரும்பாலும் ஒரே ஆள், அந்த ஓவியரே. திறக்கும் நாளும் நேரமும் கதவில் ஒட்டியிருக்கும். வார இறுதி முழுக்கத் திறந்து வைப்பவர்கள் வாரத் தொடக்கத்தில் மூடுவது வழக்கம். எனவே வாங்க நினைத்திருக்கும் இடத்துக்கு முதல் நாளே போய்விடுங்கள். இரண்டாம் நாள் ஏற்றம் பிற்பகல் 2.50 வாக்கில் வரும். அதற்குள் படகில் இருங்கள். அப்போது இரண்டு வழி.

ஒன்று, அலைத்தடுப்புச் சுவருக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் உள்மிதவை. 2.5 மீட்டர் வரைபட ஆழத்தோடு 0.4 சேர்த்தால் 2.9, கீலுக்கு அடியில் 1.2 மீட்டர் மிச்சம். மிதவையில் அணியம் அலையைப் பார்த்து நிற்கும், மோத எதுவும் இல்லை. எத்தனை டன் தாங்கும், கடைசியாகச் சங்கிலியை எப்போது சோதித்தார்கள் என்று அலுவலகத்தில் கேளுங்கள். எடுப்புக் கயிற்றில் படகைத் தொங்கவிடாதீர்கள். அது மிதவையைத் தூக்கிப் பார்க்க மட்டுமே. கீழே உள்ள வளையத்தில் உங்கள் சொந்தக் கயிறு இரண்டு, ஒன்று இடப்பக்கக் கிளீட்டுக்கும் ஒன்று வலப்பக்கக் கிளீட்டுக்கும், தனித்தனியாகக் கட்டுங்கள். ஒரே கயிற்றை வளையத்தில் நுழைத்து இரு பக்கமும் இழுத்துக் கட்டினால் படகு தலையாட்டும்போதெல்லாம் அது வளையத்தில் அறுக்கும், விடிவதற்குள் நார்நாராகிவிடும். கழற்றிவிட்டுப் போகும் நேரத்துக்கு மட்டும் அந்த முறை.

இரண்டாவது, உள்மிதவை கிடைக்காவிட்டால் 2.50 ஏற்றத்தில் வெளியேறி, தென்மேற்குக்கு முதுகு காட்டும் அடுத்த இடத்துக்கு இருட்டுவதற்குள் போய்விடுவது. எந்த இடம், எத்தனை மைல், எத்தனை மணி என்று கிளம்பும் முன்பே எழுதி வையுங்கள். இரவு 11 மணிக்கு அலையில் ஆடிக்கொண்டு இருவரும் சேர்ந்து அதைத் தேடக் கூடாது.

அந்த அடுத்த இடத்தில் நங்கூரம் என்றால், சங்கிலி நீளத்தை இப்போதைய ஆழத்துக்குக் கணக்கிடாதீர்கள். மிக அதிகமாக ஏறும் நீருக்கு. உதாரணமாக, வரைபடம் 3 மீட்டர், ஏற்றம் 5.2, அணியம் நீர்மட்டத்திலிருந்து 1 மீட்டர் உயரம் என்றால் மொத்தம் 9.2. அதன் ஐந்து மடங்கு 46 மீட்டர் சங்கிலி. பெரும்பகுதி கயிறாக இருந்தால் ஏழு மடங்கு. படகு முழுக்க நின்ற பிறகு நங்கூரத்தை இறக்குங்கள். பின்னோக்கி நகர நகரச் சங்கிலியை விடுங்கள், ஒரே குவியலாகக் கொட்டினால் நங்கூரத்தின் மேலேயே விழுந்து சிக்கும். முழுக்க விட்டதும் ரிவர்ஸை மெதுவாகக் கூட்டி அரை நிமிடம் இழுங்கள். அந்த நேரத்தில் கரையில் ஒன்றன் பின் ஒன்றாகத் தெரியும் இரண்டு பொருளைப் பாருங்கள், ஒரு மரமும் அதன் பின்னால் ஒரு வீட்டு மூலையும் போல. அவை ஒன்றைவிட்டு ஒன்று விலகாமல் இருந்தால் பிடித்துவிட்டது. சங்கிலியில் கை வைத்துப் பாருங்கள்: இழுபடும் நங்கூரம் சங்கிலி வழியாகக் கையில் கரகரவென்று அதிரும், பிடித்த நங்கூரம் அமைதியாக முறுக்கி நிற்கும். படகு நகர்ந்தால் எழுப்பும் நங்கூர அலாரத்தை நங்கூரம் விழுந்த புள்ளியில் வையுங்கள். படகு நிற்கும் புள்ளியில் வைத்தால் காற்று திரும்பும்போது ஒன்றுமில்லாமல் அலறும். இரவில் எல்லாப் பக்கமும் தெரியும் வெள்ளை விளக்கு, பகலில் கறுப்புப் பந்து.

இருவருக்கும் நடுவே சத்தம் போட்டுப் பேச வேண்டாம். இன்ஜின் ஓடும்போது முனையிலிருந்து சொல்வது சுக்கானுக்குக் கேட்காது, இரண்டு பேருக்கும் கோபம்தான் மிஞ்சும். ஆறு கை சைகை போதும்: முன்னே, பின்னே, இடம், வலம், நியூட்ரல், பிடித்துவிட்டது. வீட்டுக் கூடத்திலேயே ஒருமுறை ஒத்திகை பாருங்கள்.


துடுப்பு எழுதியது:

மிதவையில் நின்றால் கரைக்கு டிங்கியில்தான் போக வேண்டும், அதைப் பற்றி யாரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன்.

4.8 மீட்டர் ஏற்ற இறக்கம். மதியம் படிக்கட்டின் மேல் வளையத்தில் குட்டையாகக் கட்டிய டிங்கி, மாலையில் சுவரில் தொங்கும். கயிறு குறைந்தது 7 மீட்டர் இருக்கட்டும். எதிர்த் தவறும் உண்டு: தண்ணீர் ஏறும்போது டிங்கியின் முனை துறையின் குறுக்குக் கட்டைக்கு அடியில் மாட்டிக்கொண்டால், ஏறும் நீர் அதை அமுக்கி மூழ்கடித்துவிடும். மிதவை மேடை இருந்தால் அதன் உள்பக்கத்தில் கட்டுங்கள், இரண்டு கவலையும் இல்லை.

இரவில் திரும்பும் பயணத்தைச் சின்னதாக நினைக்காதீர்கள். 200 மீட்டர்தானே என்று லைஃப் ஜாக்கெட்டைப் படகிலேயே விட்டுவிட்டுப் போவார்கள். போகும்போதே போட்டுக்கொண்டு போங்கள், காட்சியறையில் கையில் வைத்திருந்தால் ஒன்றும் குறைந்துவிடாது. மோட்டார் ஓட்டுபவர் நிறுத்து கயிற்றை (ஆள் விழுந்தால் மோட்டாரை நிறுத்துவது) காலிலோ மணிக்கட்டிலோ மாட்டியே ஆக வேண்டும். டார்ச் ஒன்று கையில், ஒன்று பையில். படகின் காக்பிட்டில் ஒரு சின்ன விளக்கை எரியவிட்டுப் போங்கள், இருட்டில் பத்துப் படகு ஒரே மாதிரி தெரியும்.

வாங்கிய பொருளை இருவரும் ஏறிய அதே சுற்றில் கொண்டுவராதீர்கள். முதலில் பொருளும் ஒருவரும், பிறகு மற்றவர். டிங்கியிலிருந்து படகுக்கு ஏறும்போது ஒரு கை எப்போதும் படகைப் பிடித்திருக்க வேண்டும். இரண்டு கையிலும் ஓவியம் இருந்தால் அது முடியாது.

மேடையில் கரை மின்சாரம் எடுத்தால் ஒரு வரி: முதலில் படகுப் பக்கம் செருகி, அப்புறம் கரைப் பெட்டியில். கழற்றும்போது தலைகீழாக. சின்னத் துறைமுகங்களில் 6 ஆம்பியர்தான் கிடைக்கலாம். 230 வோல்ட்டில் அது 1380 வாட், 2000 வாட் கெட்டில் போட்டதும் ட்ரிப் ஆகும். கேபிளைச் சுருளாக வைக்காமல் பிரித்துப் போடுங்கள், சுருளில் சூடு தேங்கும்.


தூரிகை எழுதியது:

ஓவியத்துக்கு வருகிறேன். ஐந்து நாள் பத்திரமாக வரும், ஆனால் எந்தப் பொருளில் வரைந்தது என்பதைப் பொறுத்துக் கட்டும் முறை முழுக்க மாறும். அதனால் கடையில் முதல் கேள்வி விலை அல்ல, "எதில் வரைந்தது, எப்போது முடித்தது?" என்பதுதான்.

எண்ணெய் வண்ணம் தண்ணீர் போல ஆவியாகிக் காய்வதில்லை. எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று மெல்ல இறுகுகிறது. மெல்லிய பூச்சு சில நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் தொட்டால் ஒட்டாத நிலைக்கு வரும். கத்தியால் தடித்து அப்பிய வண்ணம் மேலே தோல் கட்டி, உள்ளே மாதக்கணக்கில் இளகியிருக்கும். விரல் நுனியால் ஓவியத்தைத் தொட்டுப் பார்க்காதீர்கள், ஓவியரைக் கேளுங்கள். காய்ந்தது என்றால் முகத்தின் மேல் சிலிகான் பூசிய ஒட்டாத் தாள், அதன் மேல் மெல்லிய ஃபோம் ஷீட், அதற்கும் மேலேதான் குமிழ் பிளாஸ்டிக். குமிழ் நேராக ஓவியத்தைத் தொட்டால் வெப்பத்தில் வட்ட வட்டமாகத் தடம் பதியும், அது போகாது.

அக்ரிலிக் சீக்கிரம் காயும் என்று நம்பி அசட்டையாக இருப்பார்கள். உண்மையில் மூடிய கேபினில் அதற்குத்தான் ஆபத்து அதிகம். அந்தப் படலம் சூட்டில் இளகிப் பிசுபிசுக்கும். பிளாஸ்டிக் ஷீட் அதில் ஒட்டிக்கொண்டால் உரிக்கும்போது வண்ணமும் சேர்ந்து வரும். ஒட்டாத் தாள் இல்லாமல் அக்ரிலிக்கைச் சுற்றவே கூடாது.

நீர்வண்ணம் என்றால் எதிரி ஈரம். காகிதம் ஈரத்தில் நீண்டு அலை அலையாகச் சுருங்கும். கடல் பயணத்தில் கேபின் ஈரப்பதம் பல நாள் உயர்ந்தே இருந்தால் பூஞ்சை பிடிக்கும். சட்டம் போடாமல் வாங்கி, அமிலமில்லாத இரண்டு அட்டைக்கு நடுவே தட்டையாக வைத்து, சிலிகா ஜெல் பொட்டலங்களோடு மூடி அடைக்கும் பையில் போடுங்கள். சட்டத்தோடுதான் வேண்டும் என்றால், கண்ணாடியின் மேல் பெயின்டர் டேப்பைப் பெருக்கல் குறி போல ஒட்டுங்கள். உடைந்தாலும் சில்லு படத்தைக் கீறாது. பாஸ்டல், கரி ஓவியம் இரண்டையும் படகில் கொண்டுபோகவே வேண்டாம். அது காகிதத்தில் தங்கிய தூள், இன்ஜின் அதிர்விலேயே உதிரும். கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் தகடு போட்டிருந்தால் அதில் ஏறும் நிலைமின்சாரம் தூளை இழுத்துக்கொள்ளும். அவற்றைக் கடைக்காரரிடம் சொல்லி வீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

படகில் எங்கே வைப்பது? முன் கேபின் கூடாது, அலையில் அதிகம் தூக்கிப் போடும் இடமும் கசியும் இடமும் அதுதான். மெத்தைக்கு அடியிலும் கூடாது. தட்டையாக, வசதியாகத் தெரியும், ஆனால் உடல் சூடு மேலே, குளிர்ந்த ஃபைபர் கீழே, நடுவில் நீர் வேர்க்கும். படகின் வெளிச்சுவரைத் தொட்டும் வைக்காதீர்கள். பாய்மரத்துக்கு அருகே இருக்கும் நடுத் தடுப்புப் பலகையில், செங்குத்தாக, முகம் பலகையைப் பார்த்து, மேலேயும் கீழேயும் அகலப் பட்டையால் கட்டுங்கள். பட்டை சட்டத்தின் மூலைகளில் அழுந்த வேண்டும், கேன்வாஸின் நடுவில் அழுந்தக் கூடாது. படகில் ஆட்டம் மிகக் குறைந்த இடமும் அதுதான்.

மண்பாண்டம்: வாங்கும் முன் விரல் முட்டியால் மெதுவாகத் தட்டிக் கேளுங்கள். நல்ல சுட்ட பாண்டம் ஓசை நீண்டு ஒலிக்கும், கீறல் உள்ளது மட்டையாகத் தட்டும். தாழ்ந்த சூட்டில் சுட்டவை, ராக்கு போன்றவை, நீரை உறிஞ்சும். அவற்றின் மேல் கடல்நீர் பட்டால் உப்பு உள்ளே போய், காயும்போது படிகமாகி, பளபளப்புப் பூச்சைச் செதில் செதிலாகத் தள்ளும். நனைந்துவிட்டால் காய விடாமல் உடனே நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு, சில நாள் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருங்கள். அதிகச் சூட்டில் சுட்ட ஸ்டோன்வேருக்கு இந்தக் கவலை மிகக் குறைவு, படகில் வருபவர்கள் அதையே தேர்ந்தெடுப்பது நல்லது. உள்ளே துணி திணித்து, கைப்பிடி, மூக்கு போன்ற நீட்டல்களைத் தனியாகச் சுற்றி, பெட்டிக்குள் பெட்டியாக, நடுவே எல்லாப் பக்கமும் 5 சென்டிமீட்டர் மெத்தென்று நிரப்புங்கள். குலுக்கினால் எதுவும் நகரக் கூடாது. தாழ்வான, நடுவான இடத்தில் வையுங்கள்.

ரசீதில் கலைஞர் பெயர், ஆண்டு, ஊடகம், அளவு, விலை எல்லாம் எழுதி வாங்குங்கள். வழியில் நாட்டு எல்லை கடந்தால் சுங்கத்தில் அதைத்தான் கேட்பார்கள்.


உப்புக்காற்று எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. அலுவலகத்தில் பேசிவிட்டோம்: மேடையடி மெத்துச் சேறு, இரண்டாம் இரவுக்கு உள்மிதவை ஒன்று ஒதுக்கித் தருகிறார்கள். நடுக்கடல் சொன்னபடியே மேடையில் ஒன்று, மிதவையில் ஒன்று.

மூன்று சந்தேகம் மிச்சம். காட்சியறையில் கேட்டதில், கண் வைத்திருக்கும் ஓவியம் 60க்கு 80 சென்டிமீட்டர், முடித்துப் பத்து நாள்தான் ஆகிறது, கத்தியால் தடித்துப் பூசியது. கணவர் அங்கேயே இரும்புத் தகட்டில் செய்த ஒரு பறவைச் சிற்பத்தையும் கேட்டு வைத்திருக்கிறார், 8 கிலோ. அதோடு, நான் காக்பிட்டில் உட்கார்ந்து நீர்வண்ணத்தில் வரைவேன். தூரிகை நனைக்கக் கடல்நீர் ஆகுமா?


தூரிகை எழுதியது:

கடல்நீர் வேண்டாம். அதிலுள்ள உப்பு காகிதத்திலேயே தங்கி, காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். காய்ந்தது போலத் தெரியும் வண்ணம் ஈரமான நாளில் மறுபடி பிசுபிசுக்கும், ஏட்டை மூடினால் பக்கங்கள் ஒட்டும். ஒரு நாளுக்கு அரை லிட்டர் நல்ல தண்ணீர் தாராளம்.

பத்து நாள் ஓவியத்தின் முகத்தை எதுவும் தொடக் கூடாது, ஒட்டாத் தாள்கூட. ஓவியரிடமே கேளுங்கள், ஈர ஓவியத்தைக் கொண்டுபோகும் முறை அவருக்குத் தெரியும்: சட்டத்தின் நான்கு மூலையிலும் 2 சென்டிமீட்டர் தடிமன் கட்டைகள், அதன் மேல் ஓவியத்தைவிடச் சற்றுப் பெரிய ஒட்டுப்பலகை. கட்டை, கேன்வாஸை இழுத்துக் கட்டிய மரச்சட்டத்தின் மேலே உட்கார வேண்டும், வண்ணத்தின் மேல் அல்ல. பின்பக்கமும் ஒரு பலகை வைத்து, இரண்டையும் சேர்த்துக் கட்டினால் அது ஒரு தட்டைப் பெட்டி. விளிம்புகளைக் காற்றுப் புகாமல் டேப் போட்டு அடைக்காதீர்கள், இறுகுவதற்குக் காற்று வேண்டும். மழைக்கும் தெறிப்புக்கும் டிங்கியில் வரும் பத்து நிமிடம் மட்டும் பிளாஸ்டிக் பை, கேபினுக்குள் வந்ததும் கழற்றிவிடுங்கள். வார்னிஷ் பூசித் தரச் சொல்லாதீர்கள். தடித்த எண்ணெய் ஓவியத்துக்கு ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் கழித்துத்தான் அது. இருட்டுப் பெட்டியில் ஐந்து நாள் இருந்தால் எண்ணெய் லேசாக மஞ்சளிக்கலாம், வீட்டில் நல்ல வெளிச்சமுள்ள சுவரில் மாட்டினால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.


நடுக்கடல் எழுதியது:

இரும்புப் பறவையை வாங்குங்கள், ஆனால் எங்கே வைக்கிறீர்கள் என்பதை நான் கேட்டே ஆக வேண்டும். 8 கிலோ இரும்பு திசைகாட்டியை விலக்கும். அதைவிட மறைவான ஆபத்து, ஆட்டோபைலட்டின் மின் திசையுணரி. அது பெரும்பாலும் ஒரு பெட்டிக்குள்ளோ படுக்கைக்கு அடியிலோ கண்ணில் படாமல் இருக்கும். சாமான் வைக்க வசதியான இடமும் அதுவேதான். அதன் பக்கத்தில் இரும்பு உட்கார்ந்தால் திரையில் எண் சரியாகவே தெரியும், படகு பல பாகை விலகிப் போய்க்கொண்டிருக்கும். 10 பாகைப் பிழை என்றால் 6 மைலில் ஒரு மைல் பக்கவாட்டில் தள்ளிவிடும்.

உணரி எங்கே என்று கையேட்டில் பார்த்து, அதிலிருந்தும் காக்பிட் திசைகாட்டியிலிருந்தும் குறைந்தது 2 மீட்டர் தள்ளி வையுங்கள். மேடையில் கட்டியிருக்கும்போதே சோதித்துவிடலாம். நீங்கள் திசைகாட்டியையும் ஆட்டோபைலட் திரையையும் பார்த்துக்கொண்டு நில்லுங்கள், கணவர் பறவையைக் கரையிலிருந்து எடுத்துவந்து அதன் இடத்தில் மெதுவாக வைக்கட்டும். இரண்டில் எது ஒரு பாகை நகர்ந்தாலும் வேறு இடம். கடல்காற்றில் துரு பிடிக்காமலிருக்க மெழுகு பூசித் தரச் சொல்லி வாங்குங்கள், கூர்மையான அலகுக்கும் இறக்கை முனைக்கும் பழைய கயிற்றைச் சுற்றிவிட்டு அடித்தளத்தில் கட்டுங்கள்.

மூன்றாம் நாள் காலை கிளம்பும் முன் காற்று இன்னும் தென்மேற்கில் இருந்தால், மிதவையிலிருந்து கழற்றும்போது நுழைவிட்டு எடுக்கும் ஒற்றைக் கயிற்றை முதலில் போட்டு, அதில் படகு தொங்குகிறது என்று பார்த்த பிறகுதான் இரவு கட்டிய இரண்டையும் அவிழ்க்க வேண்டும். வளையத்தில் ஓடிவரும் முனையில் முடிச்சு எதுவும் இல்லையே என்று அவர் ஒருமுறை கையால் தடவிப் பார்க்கட்டும். முடிச்சு வளையத்தில் மாட்டிக்கொண்டால் படகு மிதவையிலேயே தொங்கும், அந்தக் காற்றில் கத்தியால் அறுப்பதைத் தவிர வேறு வழி இருக்காது. கத்தி எதற்கும் அவர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.